சூடேறாத பிரேக்

பெரிய கார்கள் எனக்குப் பிடிக்காது. இளவயதிலிருந்தே இதைச் சொல்லிச் சொல்லிப் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆறு பேர் கால் நீட்டி உட்காரும் அமெரிக்க வண்டிகளைப் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் சிலர் வைத்திருந்தார்கள். வளைவில் திரும்பும்போது அவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, மூச்சு வாங்கும். சாலையில் என்ன நடக்கிறதென்று ஓட்டுகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. கல்லில் ஏறினாலும் தெரியாது, கரப்பானில் ஏறினாலும் தெரியாது. எனக்கு வேண்டிய கார் வேறு. கனம் இருக்கக் கூடாது. முன்சக்கரம் எந்த மண்ணில் உருள்கிறதென்று ஸ்டியரிங்கில் இருக்கும் விரலுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேர் உட்கார இடம், ஒரு டிபன் கேரியர் வைக்க இடம், அவ்வளவு போதும். தினமும் வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டியாக அது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடுவதும் அதே வண்டியாக இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறவர்களை நான் மதித்ததே இல்லை.

இந்தக் கொள்கையால் ஒரு மனிதர் செத்துப் போனார். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். விட்டால் நான் கார்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போய்விடுவேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டி எனக்குக் கிடைத்தது சுதந்திரம் வந்த வருடத்தில். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, கப்பலேறும் அவசரத்தில் நாய், பியானோ, கார் மூன்றையும் ஒரே வாரத்தில் தள்ளிவிட்டார். நாயைப் பாதிரியார் எடுத்துக்கொண்டார். பியானோ எங்கே போனதென்று தெரியாது. கார் எனக்கு வந்தது. யுத்தத்துக்கு முன் செய்த சின்ன இங்கிலீஷ் வண்டி. பச்சை நிறம், கம்பிச் சக்கரம், துணிக்கூரை. முன்கண்ணாடியை மடக்கி பானட்டின் மேல் படுக்க வைத்துவிடலாம். நான் அப்போது ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். “உனக்குப் பைத்தியம் முத்திப்போச்சுடா” என்றார் அப்பா. அதில் தப்பொன்றும் இல்லை.

அடுத்த வருடம் கல்யாணம். சர்ச்சிலிருந்து வீட்டுக்கு அந்த வண்டியில்தான் அவளைக் கூட்டிவந்தேன். கண்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் என் பக்கம் திரும்பி, “மூணாவது கியர்ல மட்டும் ஒரு சத்தம் வருதே, அது என்னங்க?” என்று கேட்டாள். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டிருந்தது. ஆனால் எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று, அவளுக்கு இரண்டு மைல் போதுமாயிருந்தது. அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன்.

ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினாள். இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன். அவள் கியர் மாற்றுவது காதில் விழாது. பக்கத்தில் உட்கார்ந்து ததும்பத் ததும்பக் காபி குடிக்கலாம். புடவைக் கொசுவத்தை முழங்காலுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓட்டுவாள். “செருப்பு போட்டா பெடல் பேசறது கேக்கலங்க” என்பாள். சர்ச்சில் சில அம்மாக்கள் முகத்தைச் சுளித்தார்கள். இவள் அவர்களையே வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பிறகு சுளிப்பது நின்றது.

என்னை வேலைக்கு ஏற்றிப்போகத் தொழிற்சாலை பஸ் ஆறரை மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். அதனால் வாரத்தில் ஐந்து நாள் வண்டி அவளுக்கு. சனிக்கிழமை ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடி வரைக்கும் ஒரு ஓட்டம், போகும்போது நான், வரும்போது அவள், ஓட்டாதவர் மடியில் எங்கள் சின்ன மகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பந்தய ஞாயிறு மட்டும் எனக்கு. கணக்குப் பார்த்தால் அது அவளுடைய வண்டி. நான்தான் அதை என் வண்டி, என் வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பந்தயம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். யுத்தகாலத்தில் போட்ட ஒரு விமான ஓடுதளம் ஊருக்கு வெளியே கிடந்தது. காலி தார் பீப்பாய்களை அங்கங்கே நிறுத்தி, இதுதான் வளைவு, இதுதான் திருப்பம் என்று வைத்துக்கொள்வார்கள். ராஜ குடும்பத்துக்காரர்கள் தங்கள் வண்டிகளை லாரியில் ஏற்றி, மெக்கானிக்குகள் புடைசூழக் கொண்டுவருவார்கள். எஸ்டேட் துரைமார்கள் வருவார்கள். என்னைப் போல நாலைந்து பேர், வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து, ஸ்டெப்னியையும் டிபன் கேரியரையும் இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, கதவில் சுண்ணாம்பால் நம்பர் எழுதி, அதே வண்டியில் பந்தயமும் ஓடுவோம். முடிந்ததும் ஈரத்துணியால் நம்பரைத் துடைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். எங்களுக்கு அதில் ஒரு திமிர் இருந்தது. லாரியில் வந்தவனை முந்துவதில் இருக்கிற சுகம், கோப்பை வாங்குவதில்கூடக் கிடையாது.

வேடிக்கை பார்க்கிறவர்கள், பந்தயம் என்றால் வேகம் என்று நினைக்கிறார்கள். நேர்ச்சாலையில் யார் வேண்டுமானாலும் வேகமாகப் போகலாம். அதற்கு வலது காலும் கொஞ்சம் அறிவுக்குறைவும் போதும். பந்தயம் ஜெயிப்பது பிரேக்கில்தான். வளைவு நெருங்கும்போது யார் கடைசியாக பிரேக்கை மிதிக்கிறானோ அவன் முன்னால் போவான். என் வண்டிக்கு எஞ்சின் பலம் குறைவு. ஆகவே நான் பிரேக்கில்தான் பிழைப்பு நடத்த வேண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கிற துண்டுக்கு பிரேக் ஷூ என்று பேர். அதன்மேல் ஆணியடித்து வைத்திருக்கும் பட்டைதான் லைனிங். சாதாரண லைனிங் மெத்தென்று இருக்கும். மிதித்தவுடன் பிடிக்கும். ஆனால் பந்தயத்தில் நாலு சுற்று வளைத்து வளைத்து மிதித்தால் சூடேறிப் பிடியை விட்டுவிடும். இதற்கு மாற்றாக சிவாஜிநகரில் ராணுவ ஏலச் சாமான் விற்கும் கடையொன்றில் கெட்டி லைனிங் கண்டுபிடித்தேன். கல் மாதிரி இருக்கும். எவ்வளவு சூடேறினாலும் பிடி விடாது. சூடேற ஏற இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது பிடிக்கவே பிடிக்காது. முதல் சில மிதி வெறுமனே வழுக்கும். அதனால் பந்தயம் தொடங்குமுன் ஒரு சுற்று மெதுவாகப் போவோமே, அப்போது வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்க, இடது காலை பிரேக்கின்மேல் லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே போவேன். பட்டை காய்ந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்துவிட்டால் தைரியமாக ஓட்டலாம்.

பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை கெட்டி லைனிங் உள்ள ஷூக்களை மாட்டுவேன். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாலு சக்கரத்தையும் கழற்றி, பழைய மெத்து லைனிங்கை மாட்டுவேன். மூன்று மணி நேர வேலை. கேட்டால் “கிளீன் பண்றேன்” என்பேன். இந்த ரகசியத்தை யாரிடமும் சொன்னதில்லை. ரேஸ்காரர்கள் இப்படிப்பட்டவற்றில் வாய் திறப்பதில்லை, அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். என் பிரேக் ஏன் கடைசிச் சுற்றுவரை நிற்கிறதென்று துரைமார்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. மனைவியிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததற்குக் காரணம் வழக்கம் இல்லை. சொன்னால், ‘நான் ஸ்கூலுக்குப் போற வண்டியில இதெல்லாம் வேணாங்க’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள் என்று தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம். மகளுக்கு ஆறு வயது. அந்த ஞாயிறு எனக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. லாரியில் வந்த இரண்டு வண்டிகள் என் பின்னால். சின்னக் கோப்பை, சோடா பாட்டில் உயரம்கூட இல்லை, ஆனால் நான் ஆகாயத்தில் நடந்தேன். வீட்டுக்கு வரும்போதே நண்பர்கள் நாலு பேர் கூடவே வந்துவிட்டார்கள். மனைவி கிறிஸ்துமஸ் கேக்கில் மிச்சமிருந்ததை வெட்டி வைத்தாள், வீட்டில் போட்ட திராட்சை ஒயினை எடுத்தாள். நான் சுற்றுக்குச் சுற்று விடாமல், கையால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டி, வாயால் எஞ்சின் சத்தம் போட்டு, முழுப் பந்தயத்தையும் இன்னொரு முறை ஓட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்த கடைசி நாள் அது.

எல்லோரும் போனபோது களைப்பாக இருந்தது. ஷெட்டை ஒரு பார்வை பார்த்தேன். நாளைக்கு வேலையிலிருந்து வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

மறுநாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை. காலையில் புகைபோலப் பனி, விரல் மடங்காத குளிர். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்று, “வண்டிய மெதுவா ஓட்டு, என்ன?” என்றேன். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு “சரிங்க” என்று குரல் வந்தது. பட்டை மாற்றவில்லை, குளிரில் பிடிக்காது, இன்றைக்கு ஜட்காவில் போ. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. ஓடினேன்.

எங்கள் தெரு முடிகிற இடத்திலிருந்து சாலை ரயில்வே கேட்டை நோக்கிச் சரிவாக இறங்கும். அதுவரைக்கும் பிரேக்குக்கு வேலையே இல்லை. சரிவின் அடியில் ஒரு சந்து. அந்தச் சந்திலிருந்து ரொட்டிக்காரர் சைக்கிளில் வெளியே வந்தார். பேக்கரி ரொட்டியைத் தகரப் பெட்டியில் வைத்து, கேரியரில் கட்டி, ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கக் கொடுப்பவர். டேனரி ரோட்டுக்காரர், தமிழ் ஆள், நாற்பது வயதிருக்கும். எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். “பாப்பாவுக்கு” என்று சொல்லி ஒரு பன் தனியாக வைப்பார்.

என் மனைவி அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். தூரத்திலேயே மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தாள், கைபிரேக்கை இழுத்தாள். கைபிரேக்கும் அதே பட்டையைத்தான் இழுக்கும். அவள் ஒல்லியான உடம்பு. கனத்த ஆண் ஒருவன் முழுப் பலத்தோடு ஏறி மிதித்திருந்தாலும் நின்றிருக்காது.

தொழிற்சாலைக்கு போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி அங்கேதான் இருந்தது. மனைவி ரொட்டிக்காரரை ஜட்காவில் ஏற்றி, மடியில் தலையை வைத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது பத்துப் பேர். முன்பக்கம் ஒரு விளக்கு நசுங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. பம்பரில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது.

மத்தியானம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். விபத்து நடந்த வண்டிகளைச் சோதித்து எழுதிக்கொடுக்கும் அதிகாரி. கன்னடக்காரர், நல்ல மனிதர், தமிழும் பேசினார். ஒன்றரை மைல் தள்ளி ஒரு மைதானத்தில் சோதிக்க வேண்டும் என்றார். “ஓனர்தானே ஸார்? நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க, அங்க நான் பாக்கறேன்” என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

நான் ஓட்டினேன். வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. இடது கால் பிரேக்கின்மேல் போய் உட்கார்ந்தது. ஒன்றரை மைலும் தேய்த்துக்கொண்டே போனேன். பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பழக்கதோஷம், கால் தானாகப் போய்விட்டது என்று. கால் தானாகப் போகாது. எனக்குத் தெரிந்துதான் செய்தேன். பாதி வழியில் அந்த வாசனை வந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சி, “ஏனோ வாஸனெ பர்த்தா இதெ. என்ன ஸார் அது?” என்றார்.

“பழைய வண்டி ஸார். அப்படித்தான் வரும்” என்றேன்.

மைதானத்தில் அவர் ஓட்டினார். வேகமாகப் போய் மிதித்தார். வண்டி ஆணியடித்தது போல நின்றது, அவர் தொப்பி முன்னால் விழுந்தது. இன்னும் இரண்டு தடவை மிதித்தார். இரண்டு தடவையும் நின்றது. “சென்னாகிதெ ஸ்வாமி, பிரேக் பஹள சென்னாகிதெ” என்று பாராட்டிவிட்டு, பிரேக் நல்ல நிலையில் இருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியை அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஓட்டிவந்து, ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு சக்கரத்தையும் கழற்றி மெத்து லைனிங்கை மாட்டினேன். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்க ரத்தம், வெறுங்கால். செருப்பு வண்டியிலேயே கிடந்தது. பக்கத்தில் ரொட்டிக்காரரின் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நான் அழுத்தினேங்க. நல்லா அழுத்தினேன். நிக்கலங்க” என்றாள்.

“பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்துட்டார்மா. பிரேக் நல்லாதான் இருக்கு” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பதட்டத்துல கால் வழுக்கியிருக்கும்” என்றும் சொன்னேன்.

அவள் என் சட்டையை விட்டாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

ரொட்டிக்காரர் மூன்றாம் நாள் இறந்தார். அவள் மேல் வழக்கு வந்தது. எனக்கு என்ன பயம் என்று நேராகவே எழுதிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் ஜெயிலுக்குப் போவேன், அரசாங்க வேலை போகும், பேர் போகும். அவள் பெண், படித்தவள், ஆசிரியை, முதல் தடவை. கோர்ட்டில் இரக்கம் காட்டுவார்கள் என்று வக்கீல் சொன்னார். தப்பை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். கோர்ட் வராந்தாவில் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது அவள் என் காதருகே வந்து, “நான் சரியா அழுத்தலன்னு சொல்லிடட்டுமாங்க?” என்று கேட்டாள். என் வாயிலிருந்து வரும் பதிலை மட்டும் நம்பியிருந்த குரல் அது.

“சொல்லிடு” என்றேன்.

சொன்னாள். செருப்பில்லாமல் ஓட்டினீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். மெதுவாக ஓட்டச் சொல்லிக் கணவர் எச்சரித்திருந்தாராமே என்றார்கள். அதையும் அவள்தான் போலீஸிடம் சொல்லியிருந்தாள். ஆமாம், நான்தான் கேட்கவில்லை என்றாள். அபராதம் போட்டார்கள், லைசென்ஸை ரத்து செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் போகச் சொல்லவில்லை, அவளே எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பிள்ளைகள் தன்னைப் பார்க்கிற பார்வை தாங்கவில்லை என்றாள்.

சனிக்கிழமைகளில் டேனரி ரோட்டுக்கு நடந்து போவாள். முதல் தடவை ரொட்டிக்காரரின் மனைவி கதவைச் சாத்திவிட்டார். இவள் வாசலிலேயே அரைமணி நின்றுவிட்டு வந்தாள். மூன்றாவது மாதம் உள்ளே விட்டார். பிறகு அந்த இரண்டு பெண்களுக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை, ஒருநாள்கூட அவளோடு போனதும் இல்லை.

நான் பந்தயத்தை விட்டேன். வண்டியைக் குடகுக்காரர் ஒருவருக்கு விற்றேன். இதனால் எனக்கு நல்ல பெயர் வந்தது. ‘சம்சாரத்துக்காக ரேஸையே விட்டவர்’ என்று சர்ச்சில் சொன்னார்கள். பாதிரியார் ஒருமுறை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. பஸ்ஸில் போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் இவளுடைய வலது காலும் தரையை அழுத்தும். டிரைவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்தும். ஒருநாள் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். கணுக்கால் நரம்பு புடைத்திருந்தது. நான் சத்தமில்லாமல் வாசலுக்குப் போய், செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் போட்டு, மறுபடி உள்ளே வந்தேன். அவள் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிப் பன்னிரண்டு வருடம். நடுவில் நானும் எல்லோரையும் போல ஒரு நாலு கதவு வண்டி வாங்கியிருந்தேன். சோபாவுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். அதை ஓட்டும்போது எனக்கு எதுவும் தெரியாது. எதுவும் தெரியாமல் ஓட்டுவது அப்போது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவள் அதில் பின்சீட்டில்தான் உட்காருவாள்.

மகளுக்குப் பதினெட்டு வயது ஆனபோது கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். எனக்குச் சந்தோஷம். அவள் அம்மாவின் காது அவளுக்கு. எஞ்சினில் சின்ன மாற்றம் வந்தாலும் சொல்லிவிடுவாள். மனைவி உடனே, “வேணாம்” என்றாள். மகள் ஏன் ஏன் என்று குதித்தாள். கடைசியில் அவள் மகளிடம் மெல்லச் சொன்னாள்: “உனக்கு என் காலு வந்திருக்கும்மா. சமயத்துல அழுத்தாது. உனக்கும் அந்த மாதிரி ஆயிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

மகள் முகம் மாறிவிட்டது. தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா பார்த்தது போலவே பார்த்தாள். எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

மகள் காலேஜுக்குக் கிளம்பிப் போனதும் மனைவியிடம் சொன்னேன். முன் அறையில், அவள் மடித்துக்கொண்டிருந்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டி லைனிங், கேக் சாப்பிட்ட சாயங்காலம், பாத்ரூம் கதவு, ஒன்றரை மைல், என் இடது கால். அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

முடித்ததும், “அப்ப நான் அழுத்தினேன்?” என்று கேட்டாள்.

“அழுத்தினே.”

“நல்லா அழுத்தினேன்?”

“நல்லா அழுத்தினே. யாரு அழுத்தியிருந்தாலும் நின்னிருக்காது.”

அவள் அழுதாள். எனக்காக இல்லை, என்மேல் கோபத்தாலும் இல்லை. வலது பாதத்தை இடது தொடைமேல் தூக்கி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தொடப் போனேன். தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. ஜெயில், வேலை, குழந்தை சின்னவள் என்று ஏதேதோ உளறினேன். எல்லாம் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். அறைக்குள் சத்தமாகக் கேட்டபோது எனக்கே கேவலமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, நானே கோர்ட்டுல தப்பு என்னுதுன்னுதான் சொல்லியிருப்பேன். உங்களை ஜெயிலுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். லைசென்ஸ் போனா போவுது, ஸ்கூல் போனா போவுதுன்னு இருந்திருப்பேன். தெரிஞ்சு சொல்லியிருந்தா அது நான் உங்களுக்குச் செஞ்சதா இருந்திருக்கும். நீங்க என்னை அதைச் செய்ய விடலையே.”

அந்தச் சனிக்கிழமை டேனரி ரோட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ரொட்டிக்காரரின் மனைவியிடம் நானே என் வாயால் சொன்னேன். அந்த அம்மாள் என் மனைவியின் பக்கம் திரும்பி, “நீ உக்காரும்மா” என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவள் சாவியைக் கேட்டு வாங்கினாள். லைசென்ஸ் இல்லையே என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறினாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. தெருமுனை வரை போனாள். வழியில் மூன்று தடவை பிரேக் பிடித்து நிறுத்தினாள், மூன்று தடவையும் நின்றது. திரும்பி வந்து வாசலில் நிறுத்தி, மகளைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் படியிலேயே நின்றிருந்தேன். பின்சீட் காலியாகத்தான் இருந்தது. என்னை ஏறச் சொல்லவில்லை.